அறிந்த பின் வரும் கடமை

ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. அதன் உள்ளே மருந்தில் தோய்த்து உலர்த்திய ஒரு காகிதத் துண்டு. கிணற்றிலிருந்தோ அடிகுழாயிலிருந்தோ எடுத்த தண்ணீரைக் குறியிட்ட அளவுக்கு அதில் நிரப்பி, மூடி, வெதுவெதுப்பான ஓர் இடத்தில் ஒன்றிரண்டு நாட்கள் வைத்துவிட வேண்டும். தண்ணீர் மை போலக் கறுத்துவிட்டால், அதில் மனிதக் கழிவோ விலங்குக் கழிவோ கலந்திருக்கக்கூடும் என்று பொருள். கழிவோடு வரும் நுண்ணுயிரிகள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, காகிதத்திலுள்ள இரும்பு உப்போடு சேர்ந்து கருநிறம் கொள்கிறது. குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட முறை இது. பெரிய ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. ஆசிரியர் அருகிலிருந்தால் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனே செய்துவிடலாம்.

குப்பி கறுத்ததும் விஞ்ஞானம் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. ஏன் கறுத்தது என்று அது சொல்லும். கறுத்ததைக் கண்டவன் இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அந்தத் தண்ணீரை மறுநாள் காலையிலும் ஊரார் மொண்டு செல்லப்போகிறார்கள். கண்டவனுக்கோ பன்னிரண்டு வயது. கிணற்றை மூடும் அதிகாரம் அவனுக்கு இல்லை. பஞ்சாயத்தில் எழுந்து பேசும் உரிமை இல்லை. தன் வீட்டில்கூட அவன் சொல் எடுபடும் என்பது நிச்சயமில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதிருந்த நேற்றைக்கும் தெரிந்துவிட்ட இன்றைக்கும் நடுவில் அவன்மீது ஒரு கடன் ஏறிவிட்டதா? ஏறியது என்றால், அது யாருக்குப் பட்ட கடன்? எதைக் கொடுத்தால் தீரும்?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 1993 முதல் நம் நாட்டில் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடைபெற்று வருகிறது. பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலேயே உள்ள ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு சில மாதங்கள் ஆராய்கிறார்கள். குப்பை, குடிநீர், விளைநிலம், உணவு, எரிபொருள் என்று எதுவும் ஆய்வுப் பொருளாகலாம். கண்டதைத் தாய்மொழியிலேயே எழுதலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகத் தேர்வாகி, தேசிய அளவிலான மாநாட்டுக்குச் செல்கிறார்கள். 2016-இல் தொடங்கப்பட்ட அடல் இன்னோவேஷன் மிஷன், பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதலே மாணவர்கள் கருவிகளைக் கையாண்டு பழகுவதற்கான கூடங்களை அமைக்க உதவியது. அங்கும் சொல்லப்படுவது இதுவே: உன்னைச் சுற்றியுள்ள மக்களின் துன்பத்தைப் பார், அதற்கு ஒரு வழி கண்டுபிடி.

நோக்கம் உயர்ந்தது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதையே கல்வி என்று எண்ணியிருந்த ஒரு சமுதாயத்தில், ஒரு சிறுமி தன் தெருவின் சாக்கடையை ஆராய்ச்சிக்குரியதாகக் காண்பது பெரிய மாற்றம்தான். ஆயினும் உயர்ந்த நோக்கத்தின் நிழலில்தான் நுட்பமான தவறுகள் ஒளிந்திருக்கும்.

மாணவர்கள் வீடு வீடாகச் சென்று வினாத்தாளை நிரப்புகிறார்கள். கூலி வேலை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பிய ஒரு பெண் அடுப்பை மூட்டுமுன் அரைமணி நேரம் அவர்களுக்காக ஒதுக்குகிறாள். வீட்டில் எத்தனை பேர், சென்ற மழைக்காலத்தில் யாருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, கழிப்பறை உண்டா இல்லையா என்பதையெல்லாம் சொல்கிறாள். பிறரிடம் சொல்லக் கூசும் செய்திகள் இவை. படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறாள். அவளுடைய பதில்கள் எண்களாகின்றன. எண்கள் வண்ணக் கட்டங்களாகின்றன. கட்டங்கள் அட்டையில் ஒட்டப்பட்டுத் தலைநகருக்குப் போகின்றன. நடுவர்கள் பாராட்டுகிறார்கள், சான்றிதழ் வருகிறது, பள்ளி வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும், தன் வீட்டுத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பது கடைசிவரை தெரிவதில்லை. எல்லா இடங்களிலும் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் உள்ள ஓர் ஏற்பாடு இது. ஏனெனில் பரிசுக்கு ஒரு தேதி இருக்கிறது. கிணற்றடிக்குத் திரும்பி வருவதற்குத் தேதி இல்லை.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட அறநூலில் ஒரு விதியை வகுத்தார். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கையாளலாகாது. எப்போதும் அவரையே ஒரு நோக்கமாகவும் கருத வேண்டும் என்பது அதன் சாரம். வினாத்தாளுக்குப் பதில் சொன்ன பெண் இங்கே கருவியாகிவிட்டாள். அவளுடைய துன்பம், வேறொரு வீட்டுப் பிள்ளையின் உயர்வுக்கு மூலப்பொருளாயிற்று. பிள்ளைமீது குற்றமில்லை, அவனுக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. ஆனால் பிறர் துன்பத்தைத் தன் வளர்ச்சிக்கான வாய்ப்பாகப் பார்க்கும் பழக்கம் பன்னிரண்டு வயதில் படிந்துவிட்டால், முப்பது வயதில் அது எப்படி உருவெடுக்கும் என்பதைப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கான்ட் இந்த விதிக்குக் கூறும் காரணம், மனிதன் பகுத்தறிவுள்ளவன், தனக்குத் தானே விதி வகுத்துக்கொள்ளும் ஆற்றலுள்ளவன் என்பது. வேதாந்தம் இன்னும் ஆழத்தில் காரணம் தேடுகிறது. 1884-இல் ஒருநாள் தட்சிணேசுவரத்தில், உயிர்களிடம் இரக்கம் காட்டுதல் என்னும் வைணவக் கோட்பாட்டைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லருகே வந்ததும் அவர் பரவச நிலையில் ஆழ்ந்தார். பின்னர், இரக்கம் காட்ட மனிதன் யார், ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே முறை என்னும் கருத்தை வெளியிட்டார். கூடியிருந்தோர் பலரும் அதைக் கேட்டனர். அதன் முழுப் பொருளையும் உணர்ந்து, என்றேனும் ஒருநாள் இதை உலகறியச் செய்வேன் என்று உறுதி பூண்டவர் நரேந்திரர் ஒருவரே. 1897-இல் அவர் நிறுவிய மிஷனின் சேவைப் பணிகள் அனைத்துக்கும் வேர் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

இரக்கத்துக்கும் சேவைக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. இரங்குபவன் மேலே நிற்கிறான். இரக்கத்துக்கு உள்ளானவன் கீழே நிற்கிறான். 'ஊர் மக்களின் பிரச்சினையைத் தீர்க்கும் இளம் விஞ்ஞானிகள்' என்ற பாராட்டு மொழியிலேயே அந்த மேடு பள்ளம் வந்துவிடுகிறது. தீர்ப்பவர் ஒருவர், தீர்க்கப்படுபவர் மற்றொருவர். அறியாமை முழுதும் ஒரு பக்கம், அறிவு முழுதும் மறு பக்கம்.

உண்மையில் அறிவு அப்படிப் பங்கிடப்பட்டிருப்பதில்லை. கிணற்றில் தூர் வாரும் முதியவருக்கு, எந்தப் பக்கத்து ஊற்று முதலில் வற்றும், எந்த ஆண்டில் தண்ணீரின் சுவை மாறிற்று, கைப்பிடிச் சுவரில் வெடிப்பு எப்போது விழுந்தது என்பதெல்லாம் தெரியும். குப்பி கறுத்தது என்ற ஒரு செய்தியோடு வரும் மாணவனுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. வெடிப்பின் வழியே மழைநீர் இறங்குகிறதா, மாட்டுத் தொழுவத்தின் கழிவு அதனோடு கலக்கிறதா என்று கண்டறிய வேண்டுமானால் அவன் அந்த முதியவரின் காலடியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். மரியாதை இங்கே நற்பண்பு மட்டுமன்று. ஆராய்ச்சிக்கு இன்றியமையாத கருவியும்கூட. மக்களைத் தாழ்வாக எண்ணிச் செல்பவனிடம் அவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். 'தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள்?' என்று அதட்டிக் கேட்டால், 'ஆமாம்' என்றே பதில் வரும். விறகு வாங்க வழியில்லாத வீட்டிலும் அதே பதில்தான். அட்டவணை பொய்யாகும், ஆனால் பார்க்க அழகாக இருக்கும்.

உப்புச் சோதனை

எளிய சோதனை ஒன்று ஒருவரை எவ்வளவு ஆழமாகப் புண்படுத்த முடியும் என்பதற்கு உப்புச் சோதனையைப் பார்க்கலாம். அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வருகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றுகிறது. அதனால்தான் உப்பில் அயோடின் சேர்க்கப்படுகிறது. உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு மருந்து போதும். இருந்தால் உப்பு நீல நிறமாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். மாணவர்களை வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவரச் செய்து வகுப்பிலேயே சோதிப்பது பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. நல்ல பாடம்தான். ஒரு நாளில் நாற்பது வீடுகளின் நிலை தெரிந்துவிடும்.

ஆனால் வகுப்பறையில் வேறொன்றும் தெரிந்துவிடும். எவர் வீட்டு உப்பு வெள்ளையாகவே நின்றது? பெரும்பாலும், பொட்டலத்தில் வரும் தூள் உப்பை வாங்க இயலாமல், கூடையில் அளந்து விற்கும் கல்லுப்பை மலிவாக வாங்கும் வீட்டுடையதாகவே அது இருக்கும். மேசைமேல் வரிசையாக வைத்த தாள்களில், பெயர் எழுதிய உப்புக் குவியல்கள். நீலமானவை ஒரு பக்கம், ஆகாதவை ஒரு பக்கம். சோதனை காட்டியது அயோடினை மட்டுமா? ஒரு சிறுமி அன்று வீட்டுக்குப் போய்த் தன் தாயிடம் என்ன சொல்வாள்? அறிவியல் உண்மை ஒன்றைக் கற்றேன் என்றா, வகுப்பில் தலைகுனிந்தேன் என்றா?

இதற்காகச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. தாளில் பெயருக்குப் பதில் எண் எழுதினால் போதும். எந்த எண் யாருடையது என்பது அவரவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மிகச் சிறிய மாற்றம். விஞ்ஞானத்தில் அதனால் ஒரு குறையும் நேர்வதில்லை. ஆனால் இந்த மாற்றம் ஆசிரியருக்குத் தோன்ற வேண்டுமானால், மேசைமேல் இருப்பது சோடியம் குளோரைடு மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் மானமும் அங்கே இருக்கிறது என்று அவர் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும். ஜீவனைச் சிவனாகக் காண்பது என்பதை ஏதோ தியானத்தில் மட்டும் நிகழும் பேரனுபவம் என்று எண்ணுவோர் பலர். உப்புத் தாளில் பெயரை எழுதாமல் விடுவதும் அதில் சேர்ந்ததே. உண்மை பேசுதல் என்னும் அறமும் பிறருக்கு ஊறு செய்யாமை என்னும் அறமும் இரட்டையாகவே நம் மரபில் கூறப்பட்டிருப்பதற்குக் காரணம் இங்கே கண்கூடாகத் தெரிகிறது. அகிம்சையைத் துறந்த உண்மை, வெறும் அம்பலப்படுத்தலாகிவிடும்.

தனக்கான அறிவும் பிறருக்கான அறிவும்

கறுத்த குப்பிக்குத் திரும்புவோம். மாணவன் அறிந்துவிட்டான், அறிந்ததை எப்படிச் சொல்வது? நியாய தத்துவம் இந்த இடத்தில் எதிர்பாராத வகையில் உதவுகிறது. நியாய ஆசிரியர்கள் அனுமானத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று ஸ்வார்த்த அனுமானம், தான் அறிவதற்காகச் செய்வது. மலையில் புகையைக் கண்டு நெருப்பு இருக்கிறது என்று ஒருவன் தனக்குள் உணர்வது இவ்வகை. மற்றொன்று பரார்த்த அனுமானம், பிறருக்கு அறிவிக்கச் செய்வது. இதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டும்: பிரதிஜ்ஞை, ஹேது, உதாரணம், உபநயம், நிகமனம். நிறுவ வேண்டியதைச் சொல்லி, காரணம் காட்டி, கேட்பவர் முன்பே அறிந்த உதாரணத்தைக் கொடுத்து, அதை இந்த இடத்தோடு பொருத்தி, பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

தனக்கென்றால் அடுப்படியை நினைத்துப் பார்ப்பதே போதும். பிறருக்கென்றால் அந்த அடுப்படியைக் கேட்பவருடைய வீட்டிலேயே காட்ட வேண்டும். ஏனெனில் பரார்த்த அனுமானத்தின் நோக்கம் முடிவை அறிவித்துவிடுவதன்று. கேட்பவரும் தம் சொந்த அறிவால் அதே முடிவை அடையச் செய்வது. 'நான் படித்தவன், சொல்கிறேன், நம்புங்கள்' என்பதற்கு அங்கே இடமில்லை.

ஊராரிடம் சென்று 'உங்கள் கிணற்று நீர் அசுத்தம்' என்று சொன்னால் என்ன நடக்கும்? பாட்டன் காலத்திலிருந்து குடிக்கும் தண்ணீரைப் பழிக்கிறான் என்று சினம் கொள்வார்கள். அதைவிட, இரண்டு புதிய குப்பிகளோடு கிணற்றடிக்கே போய், ஒன்றில் காய்ச்சி ஆறிய நீரையும் மற்றொன்றில் அப்போதே இறைத்த நீரையும் அவர்கள் கையாலேயே நிரப்பச் சொல்லி, ஊர்ப் பொதுவிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு வரலாம். இரண்டு நாள் கழித்து ஒன்று கறுத்திருக்கும், ஒன்று கறுக்காது. ஏன் என்று ஊரே கேட்கும். அந்தக் கேள்வி எழுந்த பிறகுதான் மாணவனுடைய பதிலுக்கு வேலை.

ஒரே ஊரில் சாதிக்கு ஒரு கிணறு இருந்த காலம் நம் நாட்டில் முற்றிலும் மறைந்துவிட்டது என்று எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. அத்தகைய ஊரில் இரு கிணறுகளின் நீரும் அடுத்தடுத்த குப்பிகளில் நிற்குமானால், எது எந்தத் தெருவினுடையது என்று நுண்ணுயிரிக்குத் தெரியாது. தீண்டாமையை எதிர்த்துச் சுவாமி விவேகானந்தர் சீறிப் பேசியதையெல்லாம் ஒரு சிறுவன் படித்திராமலிருக்கலாம். குப்பியைப் பார்த்தால் அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்தச் செய்முறை பொறுமையைக் கேட்கிறது. மாநாட்டின் தேதிக்குள் முடியாமலும் போகலாம். ஆனால் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு, யாருக்குக் கடன், எதைக் கொடுத்தால் தீரும் என்பதற்கு, இதில் ஒரு விடை இருக்கிறது. யாருடைய தண்ணீரோ அவர்களுக்கே அந்த உண்மை முதலில் உரியது. நடுவருக்கு உரியது பிறகுதான். முடிவை அவர்கள் கையில் கொடுப்பதோடு, அந்த முடிவை எட்டும் வழியையும் கொடுத்தால்தான் கடன் முழுதாகத் தீரும்.

ஏட்டில் எழுதிய உண்மை

இத்தகைய உண்மையை ஏந்திச் செல்லும் தகுதி ஒரே நாளில் வந்துவிடாது. அது வகுப்பறையின் செய்முறை ஏட்டிலிருந்து தொடங்குகிறது. நம் பள்ளிகள் பலவற்றில் அந்த ஏட்டின் நிலை யாவரும் அறிந்ததே. சோதனையைச் செய்யாமலே, சென்ற ஆண்டு மாணவனின் ஏட்டைப் பார்த்து, வர வேண்டிய விடையை எழுதிவிடுவது. செய்து பார்த்து வேறு விடை வந்தால், தன் கண்ணைப் பொய்யாக்கிப் புத்தகத்தை மெய்யாக்குவது. ஆண்டுக்கணக்கில் இப்படிப் பழகிய மாணவனிடம், ஊர்ப் பெரியவர்கள் விரும்பாத உண்மையை ஊர் நடுவில் சொல் என்றால் அவன் எப்படிச் சொல்வான்?

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள பகுதியில், 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள் அதை முன்னின்று நடத்தின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் விடுமுறையில் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனை செய்தார்கள். 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பிறகு அதைத் தொடர்ந்து நடத்தியது. 'பால் வைஞானிக்' என்னும் அந்தப் பாடநூலில் கேள்விகள் இருந்தன, செய்ய வேண்டியவை இருந்தன, விடைகள் இல்லை. விடை மாணவனின் சோதனையிலிருந்து வர வேண்டும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வயலுக்குச் சென்று மண்ணையும் பயிரையும் ஆராய்ந்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுத அனுமதி உண்டு. புத்தகத்தில் விடையே இல்லாதபோது திறந்து வைத்தால்தான் என்ன!

அந்தத் திட்டத்தில் 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பாத்திரம். மனத்தில் தோன்றும் எந்தக் கேள்வியையும் பிள்ளைகள் அவருக்குக் கடிதமாக எழுதலாம், பதில் வரும். ஏழைக் குடியானவனின் பிள்ளை எழுதிய கேள்விக்கு மதிப்புக் கொடுத்து ஒரு பெரியவர் மறுமொழி எழுதுகிறார் என்பதே எவ்வளவு பெரிய கல்வி! ஆசிரியர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், மாணவரோடு சேர்ந்து தேடவும் அங்கே பயிற்சி பெற்றார்கள். இவ்வாறு படித்தவர்கள் மேல்வகுப்புத் தேர்வுகளில் பின்தங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் எழுந்தது, சர்ச்சைகள் மூண்டன. 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் நடந்ததே வியப்பு என்று சொல்ல வேண்டும்.

தன் கண்ணால் கண்டதை, பிறர் எதிர்பார்ப்பதற்கு மாறாக இருந்தாலும், அப்படியே ஏட்டில் எழுதுவது ஒரு தவம். கீதை கூறும் பலனில் பற்றில்லாத செயல் என்பதை விஞ்ஞானத்துக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு ஐயம் எழும். முடிவில் அக்கறையில்லாமல் எவன் சோதனை செய்வான்? இங்கே இரண்டு அக்கறைகளைப் பிரித்தறிய வேண்டும். முடிவு உண்மையாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. முடிவு தனக்கு வேண்டியதாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது சிரத்தை. இரண்டாவதே பற்று. குப்பி கறுத்தால்தான் பரிசு கிடைக்கும் என்று ஏங்குகிறவன், அது கறுப்பதற்காகக் காத்திருக்கிறான்; ஊரின் நோயே அவனுக்கு நற்செய்தியாகிவிடுகிறது. பற்றற்றவன் குப்பி கறுக்காமலிருந்தால் மகிழ்வான், கறுத்தால் மறைக்கமாட்டான்.

ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் தம் கண்டுபிடிப்புகளால் தனி லாபம் அடைவதை விரும்பாதவர். சகோதரி நிவேதிதையும் திருமதி சாரா புல்லும் வற்புறுத்தியதால்தான் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு 1904-இல் அது கிடைத்தது. கிடைத்த பிறகும் அதைப் பொருளாக்கிக்கொள்ள அவர் முயலவில்லை. 1917-இல் கல்கத்தாவில் தம் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தபோது, அது ஆய்வுக்கூடம் மட்டுமன்று, ஆலயமும் ஆகும் என்று கருதியே அர்ப்பணித்தார். அறிவு தன்னுடையதன்று, தன் வழியாக வந்தது என்னும் உணர்வு அதன் பின்னே இருக்கிறது.

சிறுவர் தோளில் எவ்வளவு சுமை?

இதுவரை சொன்னவை தீர்வுள்ள பிரச்சினைகளைப் பற்றியவை. தீர்வு மாணவன் கைக்கு எட்டாத இடங்களும் உண்டு. ஃபுளோரைடு அப்படிப்பட்டது. கருங்கல் பாறைப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்றின் வழியே பாறையிலிருந்து கரைந்து வரும் நஞ்சு இது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்; வாசனையோ நிறமோ இராது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரையறை. மிகுந்தால், வளரும் குழந்தையின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்புகள் இறுகி முதுகு வளையும். பல்லில் விழுந்த கறை பிறகு மாறாது. மற்றக் கிருமிகளுக்குச் செய்வதுபோல் தண்ணீரைக் காய்ச்சினால் பயனில்லை. நீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும்.

தெலங்கானாவின் நல்கொண்டா இதற்குப் பெயர்போன மாவட்டம். அத்தகைய ஊரில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சோதனைத் தாளில் நிறம் மாறுவதைக் காண்பதாக எண்ணிப் பார்க்கலாம். அவளுக்கு அட்டவணைகூடத் தேவையில்லை. பக்கத்தில் அமர்ந்த தோழியின் சிரிப்பே அட்டவணை. கண்ணாடியில் பார்த்தால் தன்னுடையதும். இங்கே ஆராய்பவளும் ஆராயப்படுபவளும் ஒருத்தியே. அவளிடம் போய், 'நீ விஞ்ஞானம் படித்தவள், உன் ஊர்ப் பிரச்சினையைத் தீர்' என்று சொல்வது எவ்வகை அறம்?

இயலாததைக் கடமையாக்க முடியாது என்பது தத்துவத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. ஃபுளோரைடு நோய் அன்றைய சென்னை மாகாணத்தில் பரவியிருப்பது 1937-இலேயே மருத்துவ இதழில் வெளியாயிற்று. படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு நீரைத் தெளிவிக்கும் முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் உருவாக்கியது. அதற்கு 'நல்கொண்டா முறை' என்றே பெயர். சிறுமியின் பாட்டி பிறக்கும் முன்பே நோய் தெரியும். அவள் தாய் சிறுமியாயிருந்தபோதே மருந்து தெரியும். குழாய் வழியே ஆற்று நீர் பல ஊர்களுக்கு வந்து சேர்ந்தது மிகவும் பிற்காலத்தில்தான். இடையில் குறைந்தது விஞ்ஞானமன்று. பெரியவர்களின் சிரத்தையே குறைந்தது.

ஆகவே, 'பிரச்சினைகளைத் தீர்க்கும் சிறுவர்கள்' என்று கைதட்டும்போது, பெரியவர்கள் தம் கையிலிருந்த வேலையை மெல்லச் சிறுவர் தோளுக்கு மாற்றிவிடுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. குருகுலத்து மாணவனுக்கும் சமித்து சேகரிப்பதும் பசு மேய்ப்பதும் கடமைகளாயிருந்தன. ஆசிரமத்தைத் தாங்குவது அவன் கடமையாயிருக்கவில்லை. சிறுமியின் தர்மம் சாட்சி சொல்வது: கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, கேட்கும்வரை சொல்வது. செயல்படுவது, கேட்டவர்களின் தர்மம். கிராம சபையில் ஒரு குழந்தை குப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு அமர்ந்த மறுகணமே கடன் கைமாறிவிடுகிறது. அதன் பிறகு 'எங்களுக்குத் தெரியாதே' என்று சொல்லும் வசதி அங்கிருப்போர் யாருக்கும் இல்லை. குழந்தையைப் பாராட்டிச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுவது அந்த வசதியைத் திரும்பப் பெறும் தந்திரமாகவும் ஆகலாம்.

கிணற்று நீரின் கதை இவ்வளவு கடினமானதன்று. வட்டக் கிணறு ஒன்றின் விட்டம் இரண்டு மீட்டர், நீரின் ஆழம் மூன்று மீட்டர் என்றால், கொள்ளளவு ஏறக்குறைய ஒன்பதாயிரத்து நானூறு லிட்டர். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்று கணக்கிட்டால் இருபத்து நான்கு கிராம் அளவுக்கு வரும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் யாரும் நீர் இறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுநிலைப் பள்ளிக் கணக்கும் ஊர் சுகாதாரப் பணியாளரின் மேற்பார்வையும் போதும். அந்த ஒரு மணி நேரம் கிணற்றடியில் நின்று, குடத்தோடு வருபவர்களிடம் காரணத்தைச் சொல்லிக் காத்திருக்கச் செய்யும் வேலையைச் சிறுவர்கள் செய்யலாம். ஒருமுறை போட்ட மருந்து நெடுநாள் நிற்காது. கைப்பிடிச் சுவரின் வெடிப்பைப் பூசாவிட்டால் அடுத்த மழையிலேயே குப்பி மீண்டும் கறுக்கும். அதற்குள் இந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருப்பார்கள். குப்பியின் வாயில் விரல் படாமல் தண்ணீரை எப்படிப் பிடிப்பது என்று ஆறாம் வகுப்பில் யாருக்காவது அவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.